பெயருக்கு ஒரு பயிற்சியாளர்

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுபடியும் தோல்வி. சொந்த மைதானத்தில், 0–3.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல எல்லாரையும் கூட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரிக்குப் போய் வரிசையாக நின்று குனிந்தோம். நிமிர்வதற்குள் சுருமி அக்காவின் மெகாஃபோன் அலறியது. வார நாட்களில் துறைமுகத்தில் மீன் கேக் பொரித்து விற்பவள், ஞாயிறானால் எங்கள் ரசிகர் படையின் தலைவி. "ஏய் முராகோஷி! நீ ஆடுன காலத்துல உன்னைத் தாண்டி ஒரு ஈ போகாது. இப்ப உன் டீமைத் தாண்டி லாரியே போகுதுய்யா! ஹாரன் அடிச்சிட்டுப் போகுது!" கேலரியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

கடைசி இடத்துக்கு வந்துவிட்டோம். பருவம் முடியும்போதும் இங்கேயே கிடந்தால் ஹமாசாகி எஃப்.சி. தொழில்முறை லீக்கை விட்டே வெளியே போகும். காகித ஆலை பணத்தை நிறுத்தும். பையன்கள் தெருவுக்கு வருவார்கள். நானும்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

விடுமுறை. முழங்காலில் ஐஸ் கட்டியதோடு சரி.

என் வீட்டுக்காரி கிவாகோ காலையிலேயே ஆரம்பித்தாள். "முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு உட்கார்ந்தா புள்ளி கிடைக்குமா? குப்பை போடற நாள் இன்னைக்கு, அதையாவது போய்ப் போட்டுட்டு வாங்க." போட்டுவிட்டு வந்தேன். இந்த மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பள்ளி முடிந்த கையோடு இந்த ஊர்க் காகித ஆலையில் சேர்ந்தேன். காலையில் காகித உருளை தள்ளுவோம், மாலையில் பந்து. ஆலை அணி தொழில்முறை அணியானபோது என்னையும் சேர்த்து ஆக்கினார்கள். வேறு சட்டை போட்டதே இல்லை. பெரிய ஊரிலிருந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. விசுவாசம் என்று எல்லாரும் சொன்னார்கள். பயம்தான் காரணம் என்று கிவாகோவுக்கு மட்டும் தெரியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தோல்வி. 1–2. அதுவும் கடைசி உதையில்.

பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்ததும் அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. "நான் இருப்பதா போவதா என்பதைக் கிளப்பிடம் ஒப்படைத்துவிட்டேன்."

இதில் ஒன்றும் பெரிதாக இல்லை. தோற்றால் சொல்வதுதான். ஒப்படைப்பதும், தலைவர் "சேச்சே, கடைசிவரை நீங்களே பாருங்கள்" என்பதும், மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல மைதானத்துக்குப் போவதும். எனக்குப் பயிற்சி தந்த கிழவர் ஒரே பருவத்தில் எத்தனையோ தடவை ஒப்படைத்தார். ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுத்தார்கள். ரசிகர்களின் கோபமும் கொஞ்சம் ஆறும்.

தலைவர் கமெயாமா நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார். திருப்பிக் கொடுக்கத்தான் இருக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வாங்கிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கீங்க, முராகோஷி-சான். உங்க முடிவை நாங்க மதிக்கறோம்." தேநீரைக்கூட நான் தொட்டிருக்கவில்லை. முடிவா? நான் எங்கேய்யா முடிவு பண்ணேன்? வாய் தவறிக்கூட 'வேண்டாம், இருங்க' என்று சொல்லத் தெரியாதா இந்த மனுஷனுக்கு? காகித ஆலையின் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். விற்றது விற்றதுதான் போலிருக்கிறது.

திருத்தியிருக்கலாம். "அப்படி இல்லைங்க, எனக்குப் போக விருப்பம் இல்லை" என்று ஒரு வரி. வாய் வரவில்லை. நானே ஒப்படைத்ததை நானே எப்படித் திருப்பிக் கேட்பது? எழுந்து நின்று குனிந்து, "இத்தனை நாள் ஆதரித்ததற்கு நன்றி" என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தேன். மடையன்.

கார் நிறுத்தத்தில் குசாகா காத்திருந்தான். என் துணைப் பயிற்சியாளர். பள்ளியில் எனக்கு நாலு வகுப்பு கீழே. இந்த வேலைக்கு அவனைக் கூட்டி வந்ததே நான்தான். "அண்ணே, நானும் எழுதிக் குடுத்துடறேன். நீங்க கூட்டிட்டு வந்த ஆளு நான். நீங்க இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?" முறைப்படி அவன் சொன்னது சரி. கூட வந்தவன் கூடவே போக வேண்டும்.

"இருடா. பசங்களை யார் பாக்கறது?" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு, வாடா சேர்ந்தே போகலாம் என்றது. அவன் இருந்துவிட்டான்.

செப்டம்பர் 24, புதன்

அறிவிப்பு வந்தது. 'முராகோஷி பயிற்சியாளர் ஓய்வில் செல்கிறார்.' நீக்கம் என்ற சொல்லே கிடையாது. ஒப்பந்தம் அப்படியே இருக்கும், ஆனால் மைதானத்துக்கு வரக்கூடாது, ஆட்டக்காரர்களோடு பேசக்கூடாது, வேறு எங்கும் வேலை தேடவும் கூடாது. ஓய்வெடுக்க வேண்டும். அதுதான் வேலை.

செப்டம்பர் 26, வெள்ளி

எதிர்வீட்டு மூதாட்டி அரிசிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். "பேப்பர்ல பாத்தேன். உடம்பைப் பாத்துக்குங்க. குடலா, நெஞ்சா?" இரண்டும் இல்லை என்றால் விடமாட்டார். "குடல்" என்றாள் கிவாகோ, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். கஞ்சி நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

குசாகாவின் முதல் ஆட்டம். வெளியூர். கைபேசியில் பார்த்தேன்.

எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். தோற்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நான் வளர்த்த பையன்கள். கேப்டன் தோகாஷியைப் பதினெட்டு வயதில் பள்ளி மைதானத்தில் பார்த்துக் கூட்டி வந்தவன் நான். அந்தத் தோகாஷி இடது பக்கம் வழுக்கி விழுந்தபோது, நல்லா வேணும் என்று சொன்னேன். சத்தமாக. கிவாகோ சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். 

2–0. ஜெயித்துவிட்டார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மறுபடி ஜெயித்தார்கள். குளியலறை முக்காலியை உதைத்தேன். கால்விரல் வீங்கிவிட்டது. ஓய்வில் இருக்கிறவனுக்கு இதுவாவது நோய் என்று இருக்கட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

குசாகா வந்தான். யாரும் பார்க்காமலிருக்கத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக. நான் சொல்லிக்கொடுத்த ஆட்ட முறையைத்தான் பின்பற்றுவதாகச் சொன்னான். பொய். முன்வரிசையை மேலே ஏற்றி, பந்து வைத்திருப்பவனை விரட்டச் சொல்கிறான். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. எனக்கு வருத்தமாக இருக்குமே என்று மறைக்கிறான்.

"நீ ஜெயிக்கறது எனக்குப் பிடிக்கலடா" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது பீரில்.

அவன் சிரித்தான். "தெரியும்ணே. உங்க இடத்துல நான் இருந்தா சாமிக்கே வேண்டிக்கிட்டிருப்பேன்." பிறகு இருவரும் சிரித்தோம். நல்லவன். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கமெயாமா தொலைபேசியில். "உங்களைப் பெஞ்சுக்குத் திரும்பக் கூப்பிடலாம்னு இருக்கோம். நாளைக்கு வர முடியுமா?"

கிவாகோவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கானாங்கெளுத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஜெயிச்சிட்டிருக்கற டீமுக்கு உங்களை எதுக்குங்க கூப்பிடறாங்க?" என்றாள். இப்படியும் ஒரு வாய்.

மைதானத்துக்குப் போட்டுப்போகும் கோட்டு சூட்டை எடுத்துத் தேய்த்து மாட்டிவைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

உரிமத்துக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தொழில்முறை அணிக்குத் தலைமை தாங்க மேல்நிலைப் பயிற்சியாளர் உரிமம் வேண்டும். குசாகாவிடம் அதற்கு அடுத்தபடி உள்ளதுதான் இருக்கிறது. லீக் கொடுத்த அவகாசம் இந்த வாரத்தோடு முடிகிறது. உரிமம் வைத்திருக்கிற வேறு ஆளை இந்த நேரத்தில் எங்கே போய்த் தேடுவது? கைவசம் ஒருத்தன் ஓய்வில் கிடக்கிறான்.

"நீங்க உட்கார்ந்தா போதும். குசாகா எழுந்து நின்னு சொல்றதைச் சொல்லுவார். ஆட்டம் முடிஞ்சதும் பத்திரிகைக்காரங்க முன்னால மட்டும் நீங்க வரணும், விதி அப்படி. நடுவுல நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை." கமெயாமா கொஞ்சம் யோசித்து, "சொல்லாம இருந்தா இன்னும் நல்லது" என்று சேர்த்தார்.

பக்கத்தில் குசாகா தலையைத் தூக்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

மானம் ரோஷம் இருக்கிறவன் ஒத்துக்கொள்வானா?

காலையில் மைதானப் பக்கம் காரில் போனேன். வேலிக்கு வெளியே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, புல் வெட்டும் வாசனை வரும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கமெயாமாவைக் கூப்பிட்டுச் சரி என்றேன்.

"மேசை நாற்காலியெல்லாம் கூடச் சும்மாதான் இருக்கு, அதுங்களுக்கு யாரும் சூட்டு தேச்சுக் குடுக்கறதில்லை" என்கிறாள் கிவாகோ. ஆனாலும் தேய்த்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

பெஞ்சில் சும்மா உட்காருவது எனக்குப் புதிதா என்ன? தேசிய அணிக்கு ஒரே ஒருமுறை கூப்பிட்டார்கள். நீலச் சட்டை கொடுத்தார்கள். ஆட்டம் முழுக்க உடம்பைச் சூடாக்கிக்கொண்டே இருந்தேன், விசில் ஊதிவிட்டார்கள். சட்டையில் வியர்வை இருந்தது, ஆட்டம் இல்லை. ஊர் முழுக்க அதையும் பெருமையாகத்தான் பேசியது.

இன்று டிரா. குசாகா கத்தினான், கை வீசினான், மழையில் நனைந்தான். நான் கூரைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சுருமி அக்கா விடுவாளா? "முராகோஷி! உனக்கு ஒரு போர்வை அனுப்பவா? தலைகாணி வேணுமா?" அதற்கு டிரம் வேறு அடித்தார்கள்.

பத்திரிகையாளர் சந்திப்பில் குசாகா எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். எழுதுகிறவர்களும் என் முகத்தைப் பார்க்காமல்தான் எழுதினார்கள். யார் அணியை நடத்துகிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

நவம்பர் 2, ஞாயிறு

தோல்வி. வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தோல்வி. எதிரணிகள் குசாகாவின் விரட்டலைப் படித்துவிட்டார்கள். நடுவில் இடைவெளி விழுகிறது, அங்கே பந்தைப் போட்டுவிடுகிறார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதானே உட்காரவைத்திருக்கிறார்கள்?

பேருந்தில் குசாகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, எங்க தப்புன்னு தோணுது?" என்றான்.

"எனக்கென்ன தெரியும், நான் நாற்காலி" என்றேன்.

அவன் எழுந்து பின்னால் போய்விட்டான். என்ன மனுஷன் நான்?

நவம்பர் 10, திங்கள்

குசாகாவைக் கூப்பிட்டு இடைவெளி விஷயத்தைச் சொன்னேன். நேற்று ராத்திரியே ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டானாம். "ஆனாலும் சொன்னீங்களே, அது போதும்ணே" என்றான்.

நவம்பர் 16, ஞாயிறு

டிரா. கடைசி ஆட்டம் அடுத்த ஞாயிறு, சொந்த மைதானத்தில். எங்களுக்குக் கீழே இருக்கும் அணியைவிட இரண்டே புள்ளி கூட, கோல் வித்தியாசத்திலும் நாங்கள்தான் மேல். டிரா செய்தாலே போதும். தோற்று, அவர்கள் ஜெயித்தால் முடிந்தது.

ஊரெங்கும் நண்டு சீசன் ஆரவாரம். மீன் சந்தையில் எங்கள் அணிக்கொடியை நண்டுக் கூடை மேல் கட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். நடந்தது நடந்தபடி.

மழை. கேலரி நிரம்பியிருந்தது. பாதி ஆட்டத்தில் 1–1. பிற்பாதியில் எதிரணி எங்கள் இடது பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. அங்கே தோகாஷி. முப்பத்தாறு வயது. ஒருதடவை கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்தான். மறுபடியும் பிடித்தான். எதிரணியின் வலப்பக்கக்காரன் இளங்கன்று, இவனுக்குப் பிறகு பிறந்து இவனுக்கு முன்னால் ஓடுகிறவன்.

குசாகா கண்டுகொண்டான். "இவாநாகா, ரெடியாகு!" மாற்று ஆட்டக்காரன் இவாநாகா மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டோரம் வந்து நின்றான். பலகையில் தோகாஷியின் எண்ணும் போட்டாகிவிட்டது. தோகாஷி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, குசாகாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று.

குசாகாவும் திரும்பி என்னைப் பார்த்தான். அனுமதிக்காக இல்லை. மூத்தவன் உட்கார்ந்திருக்கும்போது அவனைத் தாண்டி ஒரு காரியம் செய்கிறோமே என்கிற மரியாதைக்கு ஒரு பார்வை. அவ்வளவுதான். நான் தலையசைத்திருந்தால் போதும். சும்மா இருந்திருந்தால்கூடப் போதும்.

"விடு. அவன் நிப்பான்" என்றேன்.

குசாகா ஒரு நொடி தயங்கினான். "அண்ணே, கால் போயிடுச்சு அவனுக்கு."

"எனக்குத் தெரியாத தோகாஷியா? கேப்டனைக் கடைசி ஆட்டத்துல வெளியே இழுக்கறதா? விடுடா."

அவன் இவாநாகாவை உட்காரச் சொன்னான்.

ஏன் சொன்னேன்? தோகாஷிக்காகவா? இல்லை. இத்தனை வாரம் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம் அணி ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. அந்த நொடிக்கு நான் மறுபடியும் பயிற்சியாளர். அது எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது அது. குசாகா என் பேச்சைக் கேட்டு அவனை உட்காரவைத்தபோது என் முதுகு நேரானது.

கொஞ்ச நேரத்தில் வந்தது. நீண்ட பந்து, இடது பக்கம். தோகாஷி திரும்பினான், ஓடப் பார்த்தான், கால் வரவில்லை. அப்படியே சேற்றில் முகம் குப்புற விழுந்தான். அந்த இளங்கன்று அவனைத் தாண்டிப் போய்த் தட்டிவிட்டான். 1–2. மற்ற மைதானத்தில் எங்களுக்குக் கீழே இருந்த அணி ஏற்கனவே ஜெயித்திருந்தது.

விசில் ஊதிவிட்டார்கள். சுருமி அக்கா மெகாஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்தேன். குசாகா எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்தேன். "தோகாஷியை மாற்ற குசாகா முடிவு செய்திருந்தார். தடுத்தவன் நான். அந்த கோல் என்னால் விழுந்தது. எல்லாப் பொறுப்பும் என்னுடையது" என்றேன். குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் உள்ளூர்ப் பத்திரிகையின் பெண் நிருபர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பின்னால் ஒருவர் கை தட்டவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு முதலில் புரியவில்லை.

வெளியே நடைபாதையில் குசாகா அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். "இல்லைங்க. முடிவு முழுக்க என்னோடது. முராகோஷி-சான் ஒரு வார்த்தைகூடச் சொல்லல. அவர் அப்படித்தான், எப்பவும் எங்களுக்காகத் தலையைக் குடுப்பார்."

அவனை ஓரமாக இழுத்தேன். "பைத்தியமாடா நீ?"

"நீங்க சொன்னதை நான் கேட்டேன்ல? கேட்டவன் நான்தானே. அப்ப முடிவு என்னோடதுதான்ணே." முகமெல்லாம் மழையா கண்ணீரா தெரியவில்லை. "என் சீனியரைக் காட்டிக் குடுத்துட்டு நான் எந்த மைதானத்துல போய் நிக்கறது?"

நவம்பர் 24, திங்கள்

பேப்பர். 'இளையவரின் தவறைத் தன் தோளில் சுமந்த முராகோஷி.' நான் குனிந்து நிற்கும் படம், பெரிதாக. கீழே சின்னதாக: தளர்ந்த கேப்டனை மாற்றாமல் விட்ட குசாகாவின் தடுமாற்றம் அணியை லீக்கை விட்டே வெளியேற்றியது.

நிருபரைக் கூப்பிட்டேன். நான் சொன்னது மரியாதைக்கு இல்லை, உண்மை என்று சொன்னேன். "புரியுதுங்க. அப்படித்தான் நீங்க சொல்லுவீங்கன்னு எங்க ஆசிரியரும் சொன்னார்." வைத்துவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

கமெயாமாவிடம் போனேன். குனியவில்லை, உட்காரவும் இல்லை, நேராகச் சொன்னேன். பெஞ்சில் பேசக்கூடாது என்றீர்கள், பேசினேன், அதனால் தோற்றோம்.

"உங்க பெருந்தன்மை எங்களுக்குத் தெரியாதா, முராகோஷி-சான்?" எழுந்து எனக்கு முன்னால் குனிந்தார். "இந்த மாதிரி மனுஷனை ஓய்வுல அனுப்பினோமேன்னு வெட்கமா இருக்கு."

ஐயோ. எப்படித்தான் சொல்வது? தோற்ற எவனும் என் பொறுப்பு என்றுதான் சொல்கிறான். நானே எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன், சும்மா, மூச்சு விடுவதுபோல. இந்தத் தடவை நிஜமாகச் சொன்னால் அதே வார்த்தைதான் இருக்கிறது. இவாநாகாவாவது கேட்டிருப்பான் என்று விசாரித்தேன். கேலரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம். தோகாஷி என்னைக் கண்டதும் அழுகிறான், தன் கால்தான் காரணம் என்கிறான். ஆளாளுக்குப் பழியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் அது போய் விழுந்தது குசாகாவின் தலையில்.

கிவாகோ மட்டும் நம்பினாள். கேட்டுவிட்டு, "நீங்கதான் பண்ணியிருப்பீங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள். முப்பது வருஷக் கல்யாணத்தில் அதைவிட ஆறுதலாக அவள் எதுவும் சொன்னதில்லை.

நவம்பர் 29, சனி

ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் பெயரை அறிவித்தார்கள். தோகாஷி. இவாநாகா. பாதி அணி. பயிற்சியாளர்களில் குசாகா. என்னை விடவில்லை. 'ஆலோசகராக இருக்க வேண்டுகிறோம்.' வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

சந்தையில் சுருமி அக்கா. ஓடப் பார்த்தேன், பிடித்துவிட்டாள். ஒரு பொட்டலம் மீன் கேக்கைக் கையில் திணித்தாள். "உன்னைப் போய்த் தலைகாணி வேணுமான்னு கேட்டேனே, என் வாயில இடி விழ. அந்தக் குசாகா பயலுக்காக நீ ஏன் குனியணும்?"

"அக்கா, அது நான்தான். நான் சொல்லித்தான் மாத்தல."

"போதும் போதும். உன்னை எனக்குத் தெரியும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. சூடாக இருந்தது பொட்டலம். தெருமுனையில் நின்றே தின்றுவிட்டேன். பசி.

டிசம்பர் 16, செவ்வாய்

தெற்கே கியூஷுவில் ஓர் அணி. நாங்கள் ஆடிய அதே லீக்தான், பணம் உள்ள இடம். அவர்களுடைய தலைவர் ரயிலில் இவ்வளவு தூரம் வந்து, என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனார். தலைமைப் பயிற்சியாளர் பதவி. "ஆட்டமுறை யார் வேணாலும் சொல்லிக் குடுப்பாங்க. ஆட்களைக் காப்பாத்தற மனசு எல்லாருக்கும் வராது. பேப்பர்ல அந்தப் படத்தைப் பாத்து என் வீட்டுக்காரி அழுதுட்டா."

உண்மையைச் சொன்னேன். முழுசாக. அவர் கோப்பையை நிரப்பி, "இப்பவும் விட்டுக் குடுக்க மாட்டேங்கறீங்க பாருங்க" என்று நெகிழ்ந்துபோனார்.

சரி, அப்படியானால் குசாகாவைத் துணைக்குக் கூட்டி வருகிறேன் என்றேன்.

அவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "அவர் வேண்டாமே. முக்கியமான நேரத்துல கை நடுங்கற ஆளுன்னு பேர் வந்துடுச்சு. ரசிகர்கள் ஒத்துக்க மாட்டாங்க. வேற யார் வேணாலும் கூட்டிட்டு வாங்க."

அந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும். அவன் இல்லாமல் நானும் இல்லை என்று ஒரு வார்த்தை. அவன் எனக்காக அதைக் கார் நிறுத்தத்தில் நின்று சொன்னான். நான் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தேன். மைதானம் பற்றி விசாரித்தேன். அங்கே குளிர்காலத்திலும் புல் பச்சையாக இருக்குமாம்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

குசாகாவைக் கூப்பிட்டேன். மனைவியின் ஊருக்குப் போய்விட்டான். மாமனாரின் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் வேலை. காலையில் எழுந்து பசுமைக்குடிலின் ஹீட்டரைப் பார்க்க வேண்டுமாம். மேல்நிலை உரிமத்துக்கு விண்ணப்பிக்க இருந்தான், கிளப்பின் பரிந்துரை வேண்டும், இனி யார் தருவார்கள் என்று சிரித்தான்.

கியூஷு விஷயத்தைச் சொன்னேன். அங்கே பேசியதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்லவில்லை.

"போங்கண்ணே, கண்டிப்பா போங்க. நீங்களாவது புல்லு மேல இருக்கணும்." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "இதோ வந்துட்டேன் மாமா" என்று கத்தினான். மைதானத்தில் கத்தும் அதே குரல்.

ஜனவரி 14, புதன்

கியூஷு. புது வீடு. புது அணியின் முதல் பயிற்சி. புல் நிஜமாகவே பச்சைதான். பையன்கள் வரிசையாக நின்று என் முன்னால் குனிந்தார்கள். கேப்டன் வந்து, "உங்களைப் பத்திப் படிச்சோம், கோச். உங்களுக்காக உயிரைக் குடுத்து ஆடுவோம்" என்றான். நல்ல பையன். நான் அவன் தோளைத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் ஒரு பெட்டி. குசாகாவிடமிருந்து. பதவியேற்புக்கு வாழ்த்து என்று அழகான கையெழுத்தில் எழுதி, மங்கலத்துக்குக் கட்டும் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டி, ஸ்ட்ராபெரி. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பஞ்சில் வைத்து. கிவாகோ கழுவித் தட்டில் வைத்தாள். "வந்ததும் வராததுமா நன்றி சொல்லிடுங்க, அதுதான் முறை" என்று தொலைபேசியை என் பக்கம் தள்ளிவைத்தாள். அவள் ஒன்றுகூடத் தொடவில்லை.

நல்ல இனிப்பு. ஒன்று எடுத்தேன், இன்னொன்று எடுத்தேன். தட்டு காலியாகும்வரை சாப்பிட்டேன். தொலைபேசியை எடுக்கவில்லை.